சபியா தேடிய களிமண்

மந்தைவெளியில் எங்கள் தெருமுனையை மெட்ரோ ரயிலுக்காக வெட்டிப் போட்டு வருஷக்கணக்காகிறது. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஈரமண் ஏற்றிய லாரி மட்டும் வெளியே வரும். வளைவில் திரும்பும்போது ஒன்றிரண்டு கட்டிகளைச் சாலையில் உதிர்த்துவிட்டுப் போகும். போன வாரம் பால் வாங்கிக்கொண்டு திரும்புகையில் அப்படி ஒரு கட்டி காலடியில் கிடந்தது. சாம்பல் நிறக் களிமண். என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில், கீழே விழுந்த மாத்திரையைக்கூட நான் குனிந்து எடுப்பதில்லை. இதை எடுத்தேன். நகத்தால் கீறி, மோந்து பார்த்து, துளியூண்டு கிள்ளி முன்பல்லில் வைத்துக் கடித்தும் பார்த்துவிட்டேன். மணல் கலந்திருந்தால் பல்லில் நறநறக்கும். நல்ல களி வழுக்கிக்கொண்டு போகும்.

தடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார். "இன்னா மேடம், எதனா தொலைச்சிட்டியா?"

"இல்லப்பா, மண்ணு எப்படி இருக்குன்னு பார்த்தேன்."

"மண்ணுல இன்னா கீது பாக்க?"

நியாயமான கேள்வி. நான் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவள் என்றும், வாயில் மண்ணைப் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் சகஜம் என்றும் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சிரித்து வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த வாசனை கையைவிட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டும் போகவில்லை. மூடியே வைத்திருந்த பெட்டியைத் திறந்தாற்போல, ஈரமும் இரும்பும் கலந்த ஒரு வாடை. அந்த வாடை எனக்கு சபியா.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் துறையில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருத்தி சபியா. நான் மந்தைவெளி, அவள் திருவல்லிக்கேணி. உருது பேசுகிற குடும்பம். அவள் அப்பா மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற கடை வைத்திருந்தார். பாறையை உற்றுப் பார்க்க எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கைலென்ஸ் அவர் தேய்த்துக் கொடுத்ததுதான். கடைக்குப் போனால் டீ வாங்கித் தராமல் விடமாட்டார். ஒருநாள், "ஏம்மா, அவ்ளோ பெருசு பெருசா இருந்துதுங்களே, டைனோசர், அதெல்லாம் எப்படிம்மா செத்துச்சு?" என்று கேட்டார்.

சபியா சொன்னாள். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து ஒரு மலை அளவு கல் மெக்சிகோ பக்கம் வந்து விழுந்தது. எழும்பிய புழுதி சூரியனை மறைத்துவிட்டது. செடி கொடி போயிற்று, அதைத் தின்றது போயிற்று, தின்றதைத் தின்றதும் போயிற்று. அதே காலத்தில் நம் தக்காணத்தில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒரே நேரத்துலயா?" என்றார் அவர். வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "பாவம்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து இதே விஷயத்தைக் கேட்டிருக்கிறேன். பாவம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

எனக்கும் சபியாவுக்கும் இதில் ஓயாத சண்டை. கல் விழுவதற்கு முன்பே அவை நலிந்துவிட்டன, எரிமலை நச்சுப்புகையில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தன என்பது என் கட்சி. "கிடையாது. நல்லாத்தான் இருந்துச்சுங்க. அன்னிக்குக் காலைலகூட வயிறு நிறைய மேஞ்சிருக்கும்," என்பாள் அவள். இதை எப்படித் தீர்ப்பது? உலகத்தில் பல இடங்களில், பாறைகளுக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு களிமண் பட்டை ஓடுகிறது. அந்தக் கல் விழுந்தபோது படிந்த தூசி. பூமியின் மேற்பரப்பில் அரிதாகக் கிடைக்கும் இரிடியம் என்ற உலோகம் அதில் கூடுதலாக இருக்கும். பட்டைக்குக் கீழே டைனோசர் எலும்பு உண்டு, மேலே இல்லை. கடைசி எலும்பு பட்டையை ஒட்டிக் கிடந்தால் அவள் ஜெயித்தாள். வெகு கீழேயே எலும்பு நின்றுவிட்டால் என் பக்கம் காற்று. அவ்வளவு எளிதில்லை என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் சண்டைக்கு இது போதும்.

இதற்கு மெக்சிகோ போக வேண்டியதில்லை. அரியலூர் போதும். அந்தக் காலத்தில் அங்கே கடல் இருந்தது, கரையில் டைனோசர் திரிந்தது. எழும்பூரில் ஏறினால் பகல் முழுக்க மீட்டர்கேஜ் ரயில். மாணவர்களை ஏற்றிக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை போவோம். எலுமிச்சைச் சாதம், தண்ணீர்க் கூஜா, சுத்தியல், கரித்தூள் விழுந்த கண். சுண்ணாம்புச் சுரங்கங்களில் நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட்டுகள் வண்டிச்சக்கரம் பருமனுக்குக் கிடைக்கும். அதுவும் டைனோசரோடு சேர்ந்தே பூண்டற்றுப் போன ஜீவன்தான்.

அங்கிருந்து திரும்பினால் வீட்டில் எனக்கு வேறு சோதனை. அம்மா வாசலிலேயே மறிப்பாள். "எலும்பைத் தொட்டுண்டு வந்துட்டு நேரா உள்ள வராதே. குளிச்சுட்டு வா."

"அது கல்லாயிடுத்தும்மா. ஆறரைக் கோடி வருஷம் ஆச்சு."

"ஆனா என்ன? எலும்புதானே?"

மார்கழிக் குளிரில் கிணற்றடியில் நின்று டைனோசர் தீட்டைக் கழித்த ஒரே பேராசிரியை நானாகத்தான் இருப்பேன். சபியாவிடம் சொன்னபோது ஸ்டாஃப் ரூமில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் யோசித்து, "உங்கம்மா ஒருத்தர்தான் அது செத்துப்போன உசுருன்னு நினைக்கறாங்கப்பா," என்றாள்.

ஒருமுறை மாணவர்களைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டு அவள் தனியாக ஓடைக்கரையோரம் நடந்து போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. கூப்பிடுகிற குரலாக இல்லை, பயந்த குரல் மாதிரி இருந்தது. பாம்போ என்று ஓடினேன். கரை மண் சரிந்து, சுவர்போல ஒரு வெட்டு தெரிந்தது. அவள் அதன் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கீழே பழுப்பு மண்ணில் எலும்புகள், முதுகெலும்புத் துண்டு ஒன்று முஷ்டி அளவுக்கு. எலும்புக்கு ஒரு சாண் மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய களிமண் பட்டை. அதற்கு மேலே வேறு மண்.

"தொடாதே," என்றாள், நான் தொடவே இல்லை.

"இது அதுவாத்தான் இருக்கணும்னு இல்ல சபியா."

"தெரியும்."

"ஓடை கொண்டுவந்து போட்ட வண்டலா இருக்கலாம்."

"தெரியும்பா. கொஞ்ச நேரம் சும்மா இரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு கோடு களிமண் ஒட்டிக்கொண்டது.

ஒரு தகர டப்பா நிறைய அந்தக் களியைச் செதுக்கி எடுத்தோம். எலும்புகளுக்கு எண் போட்டுக் கொண்டுவந்தோம். இரிடியம் பார்க்க நம் ஊரில் வசதியில்லை. அனுமதி, விடுப்பு எல்லாம் கிடைக்க அடுத்த மழைக்காலம் ஆயிற்று. டப்பாவில் பாதியை எடுத்துக்கொண்டு வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அவளே ரயிலேறினாள். வந்து சொன்னாள்: கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே இடத்து மண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதே பட்டையைப் பக்கவாட்டில் தொடர்ந்து போய் நாலைந்து இடத்தில் எடுத்து வரச் சொன்னார்கள்.

"எடுத்துட்டு வந்துடுவோம்," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

போனோம். ஓடைக்கரை இல்லை. கரை இருந்த இடத்தில் பெரிய பள்ளம், அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு, இயந்திரங்கள். சுரங்கம் அதுவரை நகர்ந்து வந்திருந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர், நிழலில் உட்காரவைத்து மோர் வாங்கித் தந்தார். இந்த இடத்து மண் எங்கே போனது, சிமென்ட் ஆகிவிட்டதா என்று சபியா கேட்டாள்.

"இல்லீங்க மேடம். அது சுண்ணாம்புக்கு ஆகாது. மேல்மண்ணு. அதை முதல்ல வழிச்சு அந்தாண்ட கொட்டிருவோம்." கையைக் காட்டினார். தூரத்தில் ஒரு குன்று.

அந்தக் குன்றின்மேல் சபியா சாயங்காலம் வரை தோண்டினாள். நானும் தோண்டினேன். எலும்புத் துண்டுகள்கூடக் கிடைத்தன. பழுப்பு மண்ணும் சாம்பல் மண்ணும் கப்பி மண்ணும் பிசைந்து கிடந்தன. எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது? புதைபடிவம் பேசுவது அது கிடந்த இடத்தை வைத்துத்தான். இடம் போனால் அதற்கு வாய் போயிற்று. மாணவர்களுக்கு இதை வருஷாவருஷம் முதல் வகுப்பில் சொல்வோம். அன்றைக்கு இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. ரயிலில் திரும்பும்போது அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "குப்பைன்னுகூட அவர் சொல்லலப்பா. மேல்மண்ணுன்னு மரியாதையாத்தான் சொன்னாரு," என்றாள்.

அந்தக் குன்றுக்கு அப்புறமும் பல வருஷம் வேறு இடங்களில் அந்தப் பட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. இதற்கிடையில் மாணவர்கள் குறைந்தார்கள். கம்ப்யூட்டர் படிப்பு கிடைக்காதவர்கள் மட்டும் எங்களிடம் வந்தார்கள், அடுத்த வருஷம் அவர்களும் வரவில்லை. துறையை மூடியபோது அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மீதிக் களிமண் டப்பாவையும் எண் போட்ட எலும்புகளையும் சபியா வீட்டுக்குக் கொண்டுபோனாள். அப்பா இறந்து, கடையும் போய், அப்போது அவள் தங்கை நஸ்ரினோடு கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் இருந்தாள். "இன்னும் நுட்பமான கருவியெல்லாம் வரும்பா. கொஞ்சூண்டு மண்ணு இருந்தாலே போதும்னு ஒருநாள் சொல்லுவாங்க," என்பாள். அந்த நாளுக்காக டப்பாவை வைத்திருந்தாள்.

அடையாறு ஊருக்குள் வந்த அந்தப் பெரிய வெள்ளம் உங்களுக்கும் நினைவிருக்கும். அக்காவும் தங்கையும் கட்டிய துணியோடு மாடிக்கு ஓடித் தப்பித்தார்கள். தண்ணீர் வடிந்தபின் நான் ஆட்டோவில் போனேன். ஓட்டுநர் பாலத்துப் பக்கமே நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல வண்டி போவாது மேடம். முட்டி வரிக்கும் சேறு கீது." நடந்தேன். தெரு முழுக்க மெத்தைகளும் பீரோக்களும். சபியா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பக்கெட்டில் எலும்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவக் கழுவ எண்களும் போய்க்கொண்டிருந்தன. கறுப்பு மையில் நாங்கள் எழுதியவை.

"டப்பா?" என்று கேட்டேன்.

உள்ளே கையைக் காட்டினாள். டப்பா இருந்தது, மூடி திறந்து, விளிம்பு வரை மண்ணோடு. அலமாரியிலும் அதே மண், தரையிலும் அதே மண், சுவரில் மார்பளவுக்கு அதே மண். அடையாற்றுச் சேறும் சாம்பல் நிறம்தான்.

"ருசி பார்த்துச் சொல்லேன், எது எதுன்னு," என்றாள் சபியா. சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். முக்காலியில் உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதாள். நஸ்ரின் வந்து ஈரக்கையோடு அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். கழுவிய எலும்புகளைக் காயவைக்கத் திட்டில் பரப்பியிருந்தோம். மறுநாள் குப்பை அள்ள வந்தவர்கள் கற்கள் என்று நினைத்து மெத்தைகளோடு அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். சபியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். தடுக்கவில்லை.

அதன்பிறகு அவள் என்னோடு சண்டை போடவே இல்லை. நான்தான் வலிய இழுப்பேன். "ஆமாப்பா, நீ சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் செத்திருக்கும்," என்று விட்டுக்கொடுத்துவிடுவாள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காது.

நோய் ஊரை அடைத்துப்போட்ட காலத்தில் அவளுக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் நஸ்ரினைக்கூட விடவில்லை. போனில் ஒருமுறை பேசினாள். "நாளைக்குப் பேசறேன்பா, மூச்சு வாங்குது," என்றாள். கவச உடை போட்ட யாரோ தன்னார்வலர்கள் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

இன்றைக்கு எங்கள் துறை இருந்த மாடியில் குளிரூட்டிய கம்ப்யூட்டர் அறைகள். எழும்பூரிலிருந்து அந்த மீட்டர்கேஜ் வண்டி கிடையாது. வில்லை தேய்த்த கடையில் செல்போன் உறை தொங்குகிறது. அரியலூரில் அந்தச் சுரங்கப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது என்று, பேருந்தில் அந்தப் பக்கம் போன பழைய மாணவன் ஒருவன் சொன்னான்.

கெடுபிடியெல்லாம் தளர்ந்து வெகு நாள் கழித்து, சபியாவை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்கு நஸ்ரினோடு போனேன். "பொம்பளைங்க நாங்க உள்ள போறதில்லக்கா, இங்கேருந்தே துவா செய்வோம்," என்றாள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம். உள்ளே புதிதும் பழையதுமாக மண்மேடுகள். மழையில் சில தரையோடு தரையாகியிருந்தன. அந்தச் சமயத்தில் யாருக்கும் கல் நடவில்லை.

"வேப்பமரத்துக்குப் பக்கத்துல, மூணாவது வரிசைன்னு சொன்னாங்கக்கா." அவள் எட்டிப் பார்த்தாள். "வேப்பமரத்தைக் காணோமே. வெட்டிட்டாங்க போல."

"எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா?"

"அந்தப் பக்கமாத்தான் இருக்கும்," என்று கையை நீட்டினாள். கை ஓரிடத்தில் நிற்கவில்லை. அது போன பக்கமெல்லாம் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.