நான் அழித்த பொட்டு

கண்டியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, அடையாள அட்டைப் படம் என்று வண்டி ஓடுகிறது. போன வருடக் கடைசியில், ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும் ஒரு நிறுவனம் தன் கலண்டருக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டது. மாதத்துக்கு ஒரு பிள்ளையின் முகம். வெளிநாட்டில் உதவி செய்பவர்களுக்கு அனுப்புவார்களாம். பேராதனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இரண்டு நாள் எடுத்தேன்.

அங்கே மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று. நான் கமராவைத் தூக்கியதும் அவள் அம்மா, "ஒரு நிமிசம் இருங்க மிஸ்" என்று உள்ளே ஓடினாள். தலை சீவிவிடத்தான் சீப்பு எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மையோடு வந்து, குழந்தையின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு, "இப்ப எடுங்க" என்றாள்.

படங்களைப் பார்த்த நிறுவனத்துப் பெண் அந்த ஒன்றில் மட்டும் குறை கண்டாள். "கன்னத்துல அழுக்கு மாதிரி இருக்கு, எடுத்துருங்க."

சட்டையின் கிழிசல் இருக்கட்டுமாம். புகை படிந்த சுவரும் இருக்கட்டுமாம். அந்தப் படத்துக்கென்று அம்மா பார்த்துப் பார்த்து வைத்தது பொட்டு ஒன்றுதான், அதுதான் வேண்டாமாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றேன். கணினியில் அரை நிமிட வேலை. அழித்துக் கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் அந்த அம்மா ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றாள். குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல், டெங்குவாம். பேராதனை ஆஸ்பத்திரியில் தங்கையைப் பக்கத்தில் இருத்திவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். பையிலிருந்து சுருட்டிய கலண்டரை எடுத்தாள். வேலைக்குப் போகும் அம்மாமார் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தில் தொங்கியதாம். நேற்று மாற்றுத்துணி எடுக்கத் தோட்டத்துக்குப் போனபோதுதான் மகளின் படத்தைத் தேடிப் புரட்டியிருக்கிறாள். பார்த்ததும் கழற்றி, அடியில் அச்சடித்திருந்த என் ஸ்டூடியோ முகவரியை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"மிஸ், நான் வச்ச பொட்டு எங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. குற்றம் செய்து பிடிபட்டால் எனக்கு முதலில் வருவது அதுதான். "நுளம்பு கடிச்சு டெங்கு வந்திருக்கு. பொட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"சம்பந்தம் இல்லாமலே இருக்கட்டும் மிஸ். ஊரு ஒலகமெல்லாம் பாக்குற படம். வச்சுத் தாங்க."

கறுப்புப் பேனாவை எடுத்து, படத்தின் கன்னத்தருகே கொண்டு போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் இல்ல மிஸ்."

அழித்த எனக்கு எந்தக் கன்னம் என்று நினைவில்லை. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் வைத்தேன். மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு, "மத்த கலண்டர்ல எல்லாம்?" என்று கேட்டாள்.

"எல்லாத்துலயும் வைக்கச் சொல்றேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவையெல்லாம் வருடம் பிறக்கும் முன்பே வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

போகும்போது அவளிடம் என் போன் நம்பரைக் கொடுத்தனுப்பினேன். அதன் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் அவள்தானோ என்று ஓடினேன். ஒரு வாரத்தில் குழந்தையை வீட்டுக்கு விட்டார்கள். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் மிஸ்" என்று அவள் போனில் சொன்னபோது அழுதுவிட்டேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் படம் இருப்பது ஒக்டோபர் பக்கத்தில். ஜூனில் வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பியே இருக்க மாட்டார்கள். அப்படியென்றால் இனிமேல்தானே பார்க்கப் போகிறார்கள்? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று கணவரிடம் அடித்துச் சொல்கிறேன். சொல்லிவிட்டு நாள் எண்ணுகிறேன்.

நாளை ஒக்டோபர் பிறக்கிறது. எங்கெங்கோ வீடுகளில் தாளைத் திருப்புவார்கள். பொறுக்க முடியாமல் இன்று காலை அவளுக்குப் போன் எடுத்து, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லா வெளையாடுறா மிஸ்" என்றாள். பிறகு கேட்டாள், "ஏன் மிஸ் கேக்குறீங்க?"

சும்மாதான் என்றேன். அவள் நம்பவில்லை.