வண்டி உருண்டபோது படம் எடுத்தவர்

உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள கேம்பர் டிரெய்லர் வண்டியை முதன்முதலாகக் காரில் மாட்டி இழுத்துக்கொண்டு, ஈப்போவிலிருந்து சித்தியவான் பக்கத்துக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பக்கத்து இடத்தில் ஒரு தமிழர் கூடாரம் போட்டிருந்தார். மழுமழுவென்ற முகம், புதுத் தொப்பி. கைப்பேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடியேதான் நடப்பார், சாப்பிடுவார். வணக்கம் சொன்னால் திரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் டிரெய்லரைக் கழற்றக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியாது. கழற்றியதும் அது சரிவில் பின்னோக்கி உருண்டது. அங்கே என் சின்ன மகள் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றது அந்த ஆள்தான்.

"அண்ணே, பிள்ளைய இழுங்க!" என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை. கைப்பேசி மட்டும் டிரெய்லரோடு நகர்ந்தது. என் மனைவிதான் ஓடிப்போய் ஒரு கல்லைச் சக்கரத்தடியில் தள்ளி நிறுத்தினாள்.

அவள் மகளைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவர் வந்தார்.

"அக்கா, நீங்க கல்லு போட்டது வீடியோல சரியா வரல லா. இன்னொரு தடவ போடுறீங்களா?"

முகத்தில் கேலியே இல்லை. உப்பு கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரரைப் போல அத்தனை பணிவு. அந்தப் பணிவைத்தான் இன்றுவரை என்னால் சகிக்க முடியவில்லை.