பட்டன் சரம்

தையல்காரி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் மகளுக்கு அவள்தான் கணக்கில் புலி. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தையல்காரிக்குச் சிரிப்பு வரும்.

ஒருநாள் இருபத்தேழும் பதினைந்தும் கூட்டினால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று மகள் எழுதியதைப் பார்த்து, தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுப் பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள். பத்துப் பத்தாகக் கோத்து, இருபத்தேழுக்கு இரண்டு சரமும் ஏழு பட்டனும், பதினைந்துக்கு ஒரு சரமும் ஐந்து பட்டனும் வைத்தாள்.

"உதிரி பட்டனெல்லாம் ஒண்ணா எண்ணு. பத்து சேந்தா ஒரு சரமா கோத்துடு கண்ணு. அதைப் பத்துப் பத்தா இருக்கிற சரங்களோட வை."

நாலு சரம், மிச்சம் ரெண்டு பட்டன். நாற்பத்திரண்டு! மகள் துள்ளினாள். பின்னம் வந்தபோது தையல்காரி வெட்டுத்துணியை நாலாக மடித்து, கால், அரை, முக்கால் என்று விரித்துக் காட்டினாள்.

மகள் வேலைக்குப் போய், விடுமுறைக்கு வந்த ஒருநாள் தையல்காரி மனம்விட்டுச் சொன்னாள். "அப்போ எனக்கு ஒரு கணக்கும் தெரியாதுடி. நீ விளையாடப் போனதும் பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட கத்துக்கிட்டு வருவேன்."

"தெரியும்மா. ஜன்னல் வழியா பாத்திருக்கேன். நீ ஸ்லேட்டுல தப்புத்தப்பா போட்டு, அழிச்சு அழிச்சுப் பழகுவே. அதைப் பாத்துதான் எனக்குக் கணக்கு பயமே போச்சு."

தையல்காரி ஊசியில் நூல் கோக்கப் போனாள். கண் கலங்கியிருந்ததில் ஊசிக்காது தெரியவில்லை. மகள்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.