வெறும் பீங்கான் திரும்பி வராது

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலே முக்கால். எங்கள் வாசல் தகரப் படலைக்கு மேலாக முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அதைப் பிடித்திருந்த கை பிறகுதான் தெரிந்தது. தட்டை மூடியிருந்த வாழையிலைத் துண்டைக் காற்று ஒரு பக்கம் தூக்கியபோது, உள்ளே பயற்றம் பணியாரம் குவிந்திருப்பதைக் கண்டேன். அந்தக் கணத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. கண் தெரியாத ஒரு மனிதர் என்னை முழுதாக ஏமாற்றிவிட்டார்.

எங்கள் வீடு நெல்லியடிக்கு வடக்கே, கடலுக்குக் கிட்ட. சென்ற வருடம் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க என் மனைவி கனடா போயிருந்தாள். வீட்டில் நானும் அவளுடைய தகப்பனாரும் மட்டும். மாமா எண்பதை நெருங்குகிறவர். வாலிபத்தில் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள்; மற்றதையெல்லாம் குரலை வைத்து முடிவு செய்வார். ஒருநாள் முற்றத்து வாழைமரத்தை "வாங்கோ, இருங்கோ" என்று உபசரித்துவிட்டு, அது பதில் சொல்லாததால் கோபித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

கண் சத்திரசிகிச்சை இரண்டு தடவை தள்ளிப்போனது. இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான்: இரத்தத்தில் சீனி கூட. இந்த முறையும் இறங்காவிட்டால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அடுத்து வந்த வியாழக்கிழமை காலையில் சோதித்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் அன்றைக்கே கத்தி வைப்பார்கள்.

மாமாவுக்குக் கண் வேண்டியிருந்தது பேப்பர் படிக்கவோ பேத்தி பெற்ற பிள்ளையின் படம் பார்க்கவோ அல்ல. காங்கேசன்துறையிலிருந்து இந்தியாவுக்குப் பயணிகள் கப்பல் ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொன்னது. அவர் நம்பவில்லை.

"கண்டவன் ஆர்? எல்லாரும் கேள்விப்பட்ட கதைதான் சொல்லுறாங்கள். நான் என்ரை கண்ணாலை காணவேணும்."

நான் அந்த வாரம் வீட்டிலிருந்த சீனி, பனங்கட்டி, பிஸ்கற் எல்லாவற்றையும் அகற்றினேன். மாமா ஆட்சேபிக்கவில்லை. ஒரேயொரு கோரிக்கை மட்டும் வைத்தார். கப்பலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையற்காரன் அப்பிள் பை சுடுவானாம். கோதுமை மாவில் மேலும் கீழும் தட்டி, நடுவே கறுவாப்பட்டை போட்ட அப்பிள் வைத்து, சூடாகத் தருவானாம்.

"ஒரு துண்டு தாங்கோ தம்பி. பிறகு வியாழன் மட்டும் நீங்கள் வைக்கோல் தந்தாலும் திண்டுகொண்டு பேசாமல் இருப்பன்."

நான் மகளிடம் கேட்டேன். அவள் மாச்சத்துக் குறைந்த அப்பிள் பை ஒன்றின் செய்முறையைத் தொலைபேசியில் அனுப்பினாள். கோதுமை மாவுக்குப் பதில் பாதாம் மா. சீனிக்குப் பதில், ஏற்கெனவே ஒரு பார்சலில் அவள் அனுப்பியிருந்த, இரத்தத்தில் சீனியை ஏற்றாத வெள்ளை இனிப்புத் தூள். அப்பிளிலும் இனிப்பு இருப்பதால் வாசத்துக்கு ஒன்று போதும்; மிச்சத்துக்கு இனிப்பில்லாத ஏதாவது காயைப் போடலாம் என்று எழுதியிருந்தாள். பாதாம் மாவுக்கு நான் எங்கே போவது? கச்சான் கடலையை வறுத்து அரைத்துத் துருவிய தேங்காய்ப்பூவுடன் சேர்த்தேன். காயாகப் பப்பாசிக்காய் சீவினேன். தேசிப்புளியும் கறுவாவும் போட்டு அவித்தபோது வாசம் உண்மையிலேயே அப்பிள்தான் என்று சொல்லும்படி இருந்தது. அடுத்தது பலகாரம் சுடும் மின்னடுப்பு. எங்கள் வீட்டு மின்னடுப்பு வாங்கிய நாளிலிருந்து சட்டிகள் அடுக்கும் அலுமாரியாகத்தான் இருந்து வந்தது. சட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, அது சூடாகிறதா என்று கையை விட்டுப் பார்த்தேன். சூடாகியது. எனக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை பின்னேரம் வெளியே வந்தது பார்வைக்குப் பொன்னிறம். கத்தியை வைத்ததும் மணல் வீடு போல உதிர்ந்தது. துண்டு என்று ஒன்று இல்லை. கரண்டியால் அள்ளி மாமாவின் கையில் கொடுத்தேன்.

அவர் நீண்ட நேரம் மென்றார். அவர் முகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எதிர்பார்ப்பு, பிறகு விசாரணை, கடைசியில் மரியாதை.

"தம்பி, வாய் குளிருது. பல்லுத் தீட்டுறது ஏதும் போட்டனீங்களோ?"

"அது அந்தத் தூளின்ரை குணம் மாமா. பிள்ளை சொன்னவள்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். கையிலிருந்ததைக் கவனமாகத் தட்டில் வைத்தார். "ஆனால் நாங்கள் தனிய இருந்து சாப்பிடுறது சரியில்லை. புதுப் பலகாரம். அயலட்டைக்கும் குடுக்கவேணும்."

எனக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது. சில்வர் தட்டுகளை எடுத்தேன்.

"சில்வரிலை குடாதேங்கோ. மரியாதையில்லை. நான் கொண்டுவந்த வெள்ளைப் பீங்கான் ஆறு இருக்கெல்லே, அதிலை வைச்சுக் குடுங்கோ."

எந்தெந்த வீடு என்றும் அவரே சொன்னார். பின்வீடு, கிணற்றடி வீடு, பள்ளிக்கூட ரீச்சர் வீடு, மீன் வியாபாரி வீடு, அதற்கு அங்காலே இரண்டு வீடு. நேர் முன்வீட்டை விட்டுவிட்டார். நான் கேட்டேன். "அவையள் இப்ப வீட்டிலை இல்லையாக்கும்" என்றார். முன்வீட்டு வானொலி அந்நேரம் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. பல வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அயல் வீட்டிலிருந்து ஏதாவது வந்தால் அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. பலகாரம் வந்தால் பலகாரம் போகும். நல்ல பீங்கானில் வந்தால் நல்ல பலகாரமாகப் போகும். முன்வீட்டார் பலகாரம் சுடுவதே இல்லை.

மறுபடி அந்தப் படலைக்கு வருகிறேன். தகரம் கிறீச்சிட்ட சத்தத்துக்கு மாமா கதிரையை விட்டு எழும்பி நின்றார்.

"ஆர், பின்வீட்டுப் பிள்ளையோ? வா மோனை. வெறும் பீங்கானோடை வந்திருக்கமாட்டாய்."

"சீ, என்ன ஐயா கதை இது! இண்டைக்குத்தான் சுட்டனான். சூடாச் சாப்பிடுங்கோ."

நான் அவளிடம் நன்றி சொல்லித் தட்டை வாங்கித் திரும்புவதற்குள் அதில் இரண்டு குறைந்திருந்தது. வாழைமரத்தையும் ஆளையும் பிரித்தறியாத கண் பணியாரத்தைத் தவறவிடவில்லை.

"மாமா, இதுக்குத்தானே குடுக்கச் சொன்னனீங்கள்?"

வாயில் பணியாரம் இருந்ததால் பதில் தாமதமானது. "அயலட்டை எண்டால் குடுக்கல் வாங்கல் இருக்கும் தம்பி. அதை நான் என்ன செய்ய?"

இன்னும் ஐந்து பீங்கான் வெளியே நின்றது. மிஞ்சிய பணியாரத்தை மின்னடுப்புக்குள் பூட்டிவிட்டுப் புறப்பட்டேன். தட்டுகளை வெறுமையாகவே வாங்கி வந்துவிடுவது என் திட்டம். ஊரில் அறுபது வருடம் இருந்தவன் போடக்கூடிய திட்டமல்ல அது.

ரீச்சர் அக்கா குசினியில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாகத் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார். நான் பீங்கானைக் கேட்டதும் அகப்பை நின்றது.

"பீங்கானைக் கேட்டோ வந்தனீங்கள்? பின்னாலை கலைச்சுக்கொண்டு வந்து வாங்க, நாங்கள் என்ன பீங்கான் காணாத ஆக்களே?"

"அப்பிடியில்லை அக்கா, வெறுமையாத் தந்தால் போதும்..."

"வெறுமையாவோ! என்ரை வீட்டிலையிருந்தோ?"

மீன் வியாபாரி அவ்வளவு கோபப்படவில்லை. "இருங்கோ அண்ணை, பெண்சாதி ரவை லட்டுப் பிடிக்கிறா. சொல்லுறனெண்டு குறை நினையாதேங்கோ, உங்கடை அப்பிள் பையை நாய்க்கு முன்னாலை வைச்சனான். அது மணந்துபோட்டு என்ரை முகத்தைப் பாத்துது. நான் என்ன பிழை செய்தனான் எண்டு கேக்கிற மாதிரி."

வேறு வழியில்லாமல் அந்த முற்றத்தில் நின்று உண்மையைச் சொன்னேன். மாமாவின் கண், வியாழக்கிழமை, இரண்டு தடவை திரும்பி வந்தது, கப்பல். அதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒப்பறேசன் கதையை முன்கூட்டியே வெளியே விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று மனைவி போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்கும் எங்கள் வீட்டு நோய் வருத்தத்தை வேலி தாண்டிக் கொண்டுபோக விருப்பமில்லை.

மீன் வியாபாரி சிரிப்பை நிறுத்தினார். "உதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை. அப்ப என்ன தரலாம்?"

எனக்குச் சட்டென்று ஒன்றுதான் வாயில் வந்தது. "பாவற்காய்" என்றேன்.

திரும்பவும் ரீச்சர் வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன். மற்ற வீடுகளிலும் அதையே சொன்னேன். இதில் என் பிழை என்னவென்று திங்கட்கிழமை மத்தியானம் தெரிந்தது.

முதல் தட்டு கிணற்றடி வீட்டிலிருந்து வந்தது. படலை கிறீச்சிட்டது. மாமா எழும்பினார், முகர்ந்தார், திரும்ப இருந்தார். தேங்காய்ப்பூப் போட்டு வதக்கிய பாவற்காய் வறை. பின்னேரம் இன்னொரு தட்டு. பாவற்காய்ப் பொரியல். செவ்வாய்க்கிழமை இரண்டு. ஒன்றில் பாவற்காய்ச் சம்பல், மற்றதில் பால்விட்ட பாவற்காய்க் கறி. ஒவ்வொரு முறையும் படலைச் சத்தத்துக்கு மாமா பாதி எழும்புவார். ஒவ்வொரு முறையும் எழும்புகிற அளவு குறைந்துகொண்டே வந்தது. புதன்கிழமை ரீச்சர் அக்கா கடைசிப் பீங்கானோடு வந்தபோது அவர் அசையவில்லை.

"பிள்ளை, உதுவும் அதுவோ?"

"ஓம் ஐயா. கசப்புத் தெரியாமல் இருக்க நெத்தலியும் போட்டனான்."

மாமா தட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எனக்குத்தான் சீனி வருத்தம் எண்டு நினைச்சன். ஊருக்கே வந்திட்டுதோ?"

அக்கா சிரிக்கவில்லை. "ஐயா, கண்ணைத் திறந்து கப்பலைப் பாத்துப்போட்டு வாங்கோ. தொதல் எடுத்து வைச்சிருக்கிறன். ஒரு துண்டு, டொக்டர் ஓமெண்டால்."

அக்கா போன பிறகு நான் சோற்றைக் குறைத்து வறையைக் கூட்டிப் போட்டுக் கொடுத்தேன். வழக்கமாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குகிறவர் அன்றைக்கு ஒரு துண்டு மிச்சம் விடாமல் சாப்பிட்டார். "நல்ல சனம்" என்றார். பாராட்டா முறைப்பாடா என்று பிரித்தறிய முடியாத குரல்.

வியாழன் காலை ஆஸ்பத்திரியில் தாதி மாமாவின் விரலில் குத்தினார். மாமா என் கையைப் பிடித்திருந்தார். கப்பலில் கொதிகலன் வெடிக்கப் பார்த்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிற மனிதர். அன்றைக்கு அந்தப் பிடியை விடவே இல்லை. தாதி கருவியைப் பார்த்தார், பழைய பதிவைப் பார்த்தார், திரும்பக் கருவியைப் பார்த்தார்.

"ஐயாவுக்கு என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

"ஆறு பீங்கான்" என்றார் மாமா.

அன்று மத்தியானம் வலது கண் சத்திரசிகிச்சை நடந்தது. சீனி இறங்கியது பாவற்காயாலா, இனிப்புக் கிடைக்காததாலா என்று எனக்குத் தெரியாது. வைத்தியரிடம் கேட்டேன்; மருந்தை ஒழுங்காகக் கொடுத்ததாலாகவும் இருக்கலாம் என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் வீட்டு வருத்தத்தை வேலிக்கு உள்ளே வைத்திருந்தபோது வந்தது பணியாரம். வெளியே சொன்னபோது வந்தது பாவற்காய். இப்போது வீட்டில் ஆருக்காவது சளித் தடிமன் என்றாலும் முதலில் ரீச்சர் அக்காவுக்குச் சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, கப்பல் வருகிற நாளை விசாரித்து மாமாவைக் காங்கேசன்துறைக்குக் கூட்டிப்போனேன். முதல் நாள் அப்பிள் பையை மறுபடியும் சுட்டேன். இந்த முறை இரண்டு முட்டை கூட, தூள் பாதி. ஓரளவு துண்டாக வந்தது. அதையும் ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டேன்.

துறைமுக வேலிக்கு வெளியே ஒரு மதிலில் இருந்தோம். கப்பல் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. மாமா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். அது கரைக்கு வரும்வரை கையை எடுக்கவில்லை.

"மெய்தான்" என்றார் கடைசியில். "சின்னன். ஆனால் ஓடுது."

பெட்டியைத் திறந்து நீட்டினேன். அந்தப் பலகாரத்தை அவர் கண்ணால் காண்பது அதுதான் முதல் தடவை. ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்டைக்கு நான் வாயிலை வைச்சது உதையோ?"

"ஓம் மாமா."

அவர் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"கப்பல் பரவாயில்லை" என்றார்.

துண்டை மெதுவாக மதிலின் மேல் வைத்தார். ஒரு காகம் வந்து அதைக் கொத்திக்கொண்டு வேலிக் கம்பியில் போய் இருந்தது. சற்று நேரத்தில் அதை வேலியடியில் போட்டுவிட்டுப் பறந்துபோனது.