அம்மன் பேரை விற்றவன்

அக்காவின் காசு போனது ஒரு வியாழக்கிழமை. அதைக்கூட நான் ஒருவாறு தாங்கிக்கொண்டேன். மறுநாள் விடியற்காலையில் அவளுடைய போனில் வந்து விழுந்த படத்தைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. சிவப்புச் சேலை கட்டிய அம்மன், சுற்றிவர மின்னி மின்னி அணைகிற விளக்குகள், கீழே எழுத்து: "அன்னை உங்களைச் சோதிக்கிறாள். நம்பிக்கையைக் கைவிடாதீர்கள். இனிய காலை வணக்கம்." அனுப்பியவன், அவளுடைய காசை வாங்கி எங்கேயோ அனுப்பிவிட்டுப் போனை நிறுத்திவைத்திருந்த அதே ஆள்.

அக்கா அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தேன்.

அக்கா எனக்கு நன்றாக மூத்தவள். அம்மா போனபிறகு என் தலையை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். சம்பூருக்குக் கல்யாணம் செய்துபோனாள். இரண்டாயிரத்து ஆறில் ஷெல் விழத் தொடங்கியபோது, அத்தானோடு சேர்ந்து ஒரு சோற்றுப் பானையையும் கண்ணாடி போட்ட அம்மன் படத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அத்தான் முகாமிலேயே நோயில் விழுந்து இறந்துபோனார். பல வருசம் கழித்து, அரசாங்கம் பிடித்துவைத்திருந்த வீட்டு வளவைத் திருப்பிக் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் வீட்டின் அத்திவாரமும் அதற்குள் முளைத்த பற்றையும்தான் மிச்சம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு நினைப்பு. அந்த அத்திவாரத்தின் மேல் இரண்டு அறையும் ஒரு சாமி அறையும் எழுப்ப வேண்டும்.

நான் திருகோணமலை டவுனில், உள்துறைமுகத்துக்குப் போகிற வழியில், சின்னதாக ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, போனுக்குக் காசு போடுகிற ரீலோட், போன் திருத்தம். கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் குசினியும். அக்கா என்னோடு இருந்துகொண்டு இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் போட்டாள். நாட்டில் காஸ் இல்லாமல் சனம் வரிசையில் நின்ற காலத்தில் விறகு பொறுக்கி அவித்தாள். மாவு விலை ஏறினபோது தன்னுடைய மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்தாள். அப்படிச் சேர்த்த காசு வங்கியில் நிலையான வைப்பில் கிடந்தது.

அந்தக் கஷ்ட காலத்தில்தான் மாஸ்டர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஆளாக அல்ல, குரலாக. எங்கள் அம்மன் கோயிலில் பிள்ளைகளுக்குப் பண்ணிசை படிப்பிக்கிறவர். வட்சப்பில் ஒரு குறூப் தொடங்கி, தினமும் விடியற்காலையில் ஒரு தேவாரம் படித்து அனுப்புவார். நல்ல குரல். மறுக்க மாட்டேன். பாணுக்கும் பெற்றோலுக்கும் அலைந்து களைத்துப்போன எங்கள் தெருப் பெண்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அடுப்பை மூட்டினார்கள். சில நாள் நானும் படுத்தபடி கேட்டிருக்கிறேன்.

தேவாரத்துக்குப் பின்னால் மெல்ல மெல்ல, போனில் இறக்குகிற ஒரு சேமிப்பு அப் வந்தது. "வெளிநாட்டுச் சைவப் பெருமக்கள் எங்கட பெண்களுக்காகத் தொடங்கின திட்டம்" என்று மாஸ்டர் குரல் அனுப்பினார். அக்கா போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"இதை ஒருக்கா இறக்கித் தா."

"அக்கா, வங்கியே இவ்வளவு வட்டி குடுக்கேல்ல. இவங்களுக்கு எங்கயிருந்து வருது?"

"உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம். மாஸ்டர் கோயிலுக்குள்ள நிண்டு சொன்னவர்."

"கோயிலுக்குள்ள நிண்டு சொன்னா உண்மையோ?"

அவளுடைய முகம் சுருங்கிவிட்டது. நான் இறக்கிக் கொடுக்கவில்லை. அவள் மாஸ்டர் வீட்டுக்கே போய் இறக்குவித்துக்கொண்டு வந்தாள். வங்கிக் காசு முழுவதும் அதற்குள் போனது.

பின்னேரம் விளக்கு வைத்ததும் அக்கா அந்த அப்பைத் திறப்பாள். திரையில் ஒரு தாமரை விரியும். கோயில் மணி அடிக்கும். லட்சுமியின் கையிலிருந்து பொற்காசு கொட்டும். பிறகு அவளுடைய தொகை தெரியும், நேற்றைவிடக் கொஞ்சம் கூடினதாக. அவள் போனைச் சாமித் தட்டில் வைத்துத் திருநீறு பூசுவாள். எனக்கு அதைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருக்கும். ஆனால் அவளுடைய முகத்தில் அத்தனை வருசம் காணாத ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அந்த வியாழக்கிழமை, சம்பூரில் மேசனுக்கு முற்பணம் கொடுக்கவென்று காசை எடுக்கப் போனாள். தாமரை விரியவில்லை. "பராமரிப்பு நடைபெறுகிறது" என்று ஒரு வரி மட்டும் நின்றது. மாஸ்டருடைய போன் வேலை செய்யவில்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு அவருடைய வீட்டுக்கு ஓடினேன். மனைவி யன்னலைத் திறந்து, "அவர் கொழும்புக்குப் போயிட்டார்" என்றாள். நான் தெரு கேட்கக் கத்தினேன். அவள் யன்னலைச் சாத்தினாள். அங்கிருந்து பொலிசுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்:

"நீங்கள் விரும்பித்தானே போட்டனீங்கள்?"

விரும்பித்தான் போட்டாள். சாமியை நம்புகிறவள், சாமி பாடுகிறவனையும் நம்பினாள். அது குற்றமா?

அடுத்தநாள் அந்த அம்மன் படத்தைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் வற்புறுத்தலில் நானும் அந்தக் குறூப்பில் இருந்தேன். "காசு எங்கே? முதலில் அதற்குப் பதில் சொல்லும், பிறகு சாமி படம் போடும்" என்று குரல் அனுப்பினேன். என்னைப் போலக் கொதித்துக்கொண்டிருப்பார்கள், சேர்ந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். காசு கட்டின பெண்களே எனக்குத் திருப்பி அனுப்பினார்கள்: "சாமி குறூப்பில அபசகுனமாக் கதையாதேங்கோ." "உங்களை மாதிரி ஆக்களாலதான் தடங்கல் வருது." கொஞ்ச நேரத்தில் என்னைக் குறூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அம்மன் பாத்துக்கொள்ளுவா" என்றாள்.

நான் வெடித்துவிட்டேன். "என்னத்தைப் பாத்தவ? சம்பூரில இருந்து ஓடேக்க பாத்தவவோ? அத்தான் முகாமில துடிக்கேக்க பாத்தவவோ?"

"ஓம், பாத்தவ. நான் உயிரோட இருக்கிறன்தானே."

இடியப்ப உரல் அவளுடைய கையில் தடுமாறாமல் சுற்றிக்கொண்டேயிருந்தது. அந்த அமைதியைப் பார்க்க எனக்கு மாஸ்டர்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. நாலைந்து நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அப்போதுதான் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து ராத்தா கடைக்கு வந்தார். முஸ்லிம்களில் மூத்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம். பாய் இழைத்துக்கொண்டு வந்து டவுனில் விற்கிறவர், ரீலோட் போட எப்போதும் என்னிடம்தான் வருவார். அன்றைக்குப் போனை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. காசு எடுக்க ஏலாம இரிக்கி."

வாங்கிப் பார்த்தேன். தாமரை இல்லை. அந்த இடத்தில் பச்சை நிறத்தில் பிறையும் பள்ளிவாசல் கோபுரமும். லட்சுமி இல்லை. அந்த இடத்தில் "வட்டியில்லாத ஹலால் இலாபம்" என்று எழுத்து. மற்றெல்லாம் அச்சொட்டாக அக்காவின் போனில் இருந்ததுதான். அதே பெட்டிகள், அதே இடத்தில் பொத்தான்கள். முறைப்பாட்டுக்குக் கொடுத்திருந்த இலக்கம்கூட ஒன்று. நடுவில் அதே "பராமரிப்பு நடைபெறுகிறது."

"என்ன காசு ராத்தா?"

"உம்ராவுக்குப் போகச் சேத்தது. மவுத்தாக முந்தி மக்கத்த ஒருக்காக் கண்ணால கண்டுரணும் எண்டு."

அக்காவைக் குசினியிலிருந்து கூப்பிட்டேன். மாக் கையோடு வந்தாள். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் ஒன்றை மாறி ஒன்றை நெடுநேரம் பார்த்தாள்.

"இதை உங்களுக்கு ஆர் தந்தது ராத்தா?"

"எங்கட பக்கத்து மனிசன் ஒராள். அஞ்சு வக்துத் தொழுகைக்கும் பள்ளிக்கு வாறவரு. அவரு சொன்னா நாங்க என்னத்தக் கேக்கிற?"

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். நான் அவளை அப்படிக் கண்டதில்லை. காசு போனபோது அழாத கண் சிவந்திருந்தது.

"என்ர காசைக் களவெடுத்தது ஒண்டு. அது வேற" என்றாள். "இவங்கள் கடைக்குப் பேர்ப் பலகை மாத்திற மாதிரியல்லோ மாத்தியிருக்கிறாங்கள். இஞ்ச அம்மனை ஒட்டு, அங்க பள்ளியை ஒட்டு. ராத்தாவும் கும்பிட்டுத்தானே போட்டவ. நானும் கும்பிட்டுத்தானே போட்டனான்."

ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா அவருடைய முதுகைத் தடவினபடி என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. போனுக்கு நல்லாச் சார்ஜ் போட்டு வை."

மறுநாள் மத்தியானப் பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிற கல்லுக்கு முன்னால் அக்கா போய் நின்றாள். ஈரத் தலை, வெள்ளைச் சேலை. "எடு" என்றாள் என்னிடம். நான் வீடியோவை ஓட விட்டேன்.

"தாயே," என்று அவள் தொடங்கினபோது குரல் உடைந்தது. பிறகு உடையவில்லை. "நான் என்ர காசை உன்னட்டக் கேக்க வரேல்ல. அதை நான் உழைச்சனான், இன்னும் உழைப்பன். உன்ர சந்நிதியில பாடின வாயால உன்ர பேரை வித்திருக்கிறான். மற்றச் சனத்துக்கு அவையின்ர ஆண்டவன்ர பேரை வித்திருக்கிறாங்கள். வித்தவனுக்கு நித்திரை வரக்கூடாது. எடுத்த காசைத் திருப்பிக் குடுக்குமட்டும் அவனுக்கு நித்திரை வரக்கூடாது."

தேங்காயை ஓங்கி அடித்தாள். சிரட்டைத் துண்டு ஒன்று என் காலில் வந்து பட்டது. குறூப்பில் என்னைத் திட்டின பெண்களில் சிலர் அங்கே நின்றார்கள். ஒருத்தி திடீரென்று விம்மினாள். இன்னொருத்தி ஓடிப்போய்த் தானும் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த வீடியோவை அக்கா தன் விரலாலேயே குறூப்பில் போட்டாள். ராத்தா கிண்ணியாப் பக்கம் அனுப்பினார். நிலாவெளி, மூதூர் என்று போய், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் போன் எடுத்துக் கேட்கிற அளவுக்கு அது பரவியது. மாஸ்டருடைய பெயர் அதில் எங்கேயும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது.

பொலிசுக்குப் பயப்படாத மனிதன் அந்தத் தேங்காய்க்குப் பயந்தான். அடுத்த கிழமை ஒரு நடுப்பகலில் மனைவியையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். இனி எனக்கு அவன் மாஸ்டர் இல்லை. சவரம் செய்யாத முகம். கண் உள்ளே போயிருந்தது.

"அக்கா, எனக்கு நித்திரை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் மாறுதில்லை. அந்த வீடியோவை அழிச்சுவிடுங்கோ. உங்கட காசை நான் இப்பவே தாறன்." இடுப்பிலிருந்து ஒரு பார்சலை எடுத்தான்.

"மற்ற ஆக்களின்ர?" என்று அக்கா கேட்டாள்.

"அது மேல இருக்கிற ஆக்களிட்டப் போயிட்டுது அக்கா. என்னையும் ஏமாத்திப்போட்டாங்கள்."

"அப்ப இது எங்கால வந்தது?"

ஆள் சேர்த்துவிட்டதற்கு அவனுக்குக் கிடைத்த பங்கு அது. வேறென்ன?

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "வாங்குங்கோ அக்கா. உங்கட காசு. உங்கட வீடு."

அவள் என் கையை எடுத்துவிட்டாள். அந்தச் சின்னப் பெண்ணைக் கிட்டக் கூப்பிட்டு நெற்றியில் திருநீறு பூசினாள். "பிள்ளைக்கு ஒண்டும் வராது. நான் பிள்ளைக்குச் சொல்லேல்ல. அம்மன் பிள்ளையளில கை வைக்கமாட்டா. டொக்டரிட்டக் கொண்டுபோங்கோ." பிறகு அவனிடம் திரும்பினாள். "தம்பி, பொலிசில போய், ஆர் தந்தது, ஆருக்கு அனுப்பினது எண்டு எல்லாம் சொல்லும். இந்தப் பார்சலையும் அங்கயே குடும். எல்லாருக்கும் பிரிச்சுத் தரட்டும். என்ர பங்கு எவ்வளவோ அவ்வளவு போதும்."

அவன் கெஞ்சினான். மனைவி அழுதாள். அக்கா குசினிக்குள் போய்விட்டாள். அவர்கள் போனபிறகு நான் அவளோடு பிடித்த சண்டையை எங்கள் தெரு இன்னும் மறந்திருக்காது.

"உங்களுக்கு விசர்! கையில வந்ததை விடுறியள்!"

"வாங்கினா நானும் அவன்ர ஆள்தான்" என்றாள். "ராத்தாவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

அவன் பொலிசுக்குப் போனான். அக்காவின் சொல்லுக்காகவோ, நித்திரைக்காகவோ, எங்கள் தெருப் பெண்கள் அவனுடைய வீட்டுப் படலைக்கு முன்னால் போய் நிற்கத் தொடங்கினதாலோ, எனக்குத் தெரியாது. தனக்கு மேலே இருந்த இரண்டு பேரைக் காட்டிக் கொடுத்தான். ஒருவர் ராத்தாவின் ஊர் மனிதர். மற்றவர் நாட்டைவிட்டு எப்போதோ போய்விட்டார். வழக்கு நடக்கிறது. தவணைக்குத் தவணை தள்ளிப்போகிறது. பார்சல் நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாகக் கிடக்கிறது. யாருக்கும் இன்னும் ஒரு சதம் வரவில்லை.

எனக்கு ஆறவில்லை. ஊரில் பலர் அக்காவைப் பெரிய மனுசி என்கிறார்கள். கேட்க எனக்கு இன்னும் எரிகிறது. பெரிய மனுசி சம்பூரில் அந்த அத்திவாரத்தின் மேல் கட்டின தறப்பாள் சீலைக்குக் கீழேதான் பொங்கல் பொங்கினாள். நான் கோயிலுக்குப் போகாமல் விடவில்லை. போகிறேன். போய் நேரே நின்று, "உனக்கு வெட்கமில்லையா?" என்று கேட்கிறேன். அதுவும் கும்பிடுதான் என்கிறாள் அக்கா. இருக்கட்டும்.

அவள் இப்போது தபாற்கந்தோரில் புதிதாகச் சேமிக்கிறாள். போனில் அந்தக் குறூப் இல்லை. விடிய எழும்பினால் தானே தேவாரம் படிக்கிறாள், சுருதி இல்லாமல். வழக்குத் தவணை அன்று ராத்தா கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அக்கா இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொள்வாள். நான் கடையைப் பூட்டுவேன். மூன்று பேரும் நீதிமன்றத்துக்கு நடந்து போவோம்.