சிவப்புக் காருக்கு வான் எஞ்சின் ஏற்றியது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பெற்றோல் கிடைக்காத காலத்தில் ஒரு மூடி பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட வைத்த மோட்டார் சைக்கிள்கள் எத்தனை என்று இந்தக் கைகளுக்குத்தான் தெரியும். படித்த எஞ்சினியர்மார் பார்த்து வாயைப் பிளந்தார்கள். சிலர் இருமினார்கள், அது புகையால்.

போன வருடம் வவுனியாவில் ஒரு பழைய வீட்டுக் கொட்டிலில் கிடந்த சிவப்புக் காரை வாங்கினேன். வெள்ளைக்காரன் காலத்துக் கார். இரண்டு பேர் இருக்கலாம், கூரை இல்லை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் பளைப் பக்கம் காற்று எதிர்த்து அடித்தால் அதன் எஞ்சின் நின்று யோசிக்கும். ஒருநாள் சைக்கிளில் போன வாத்தியார் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முல்லைத்தீவில் பழைய வாகனச் சாமான் விற்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர், ஆட்கள் ஏற்றி ஓடிக் கவிழ்ந்த வான் ஒன்றின் எஞ்சினை எனக்காக எடுத்து வைத்திருந்தார். பழையதைவிட இரண்டு மடங்கு பலம்.

“அண்ணை, இதின்ர றேடியேற்றரையும் கொண்டு போங்கோ. பெரிய எஞ்சின், கெதியாச் சூடேறும், காரின்ர பழைய றேடியேற்றரில தண்ணி கொதிச்சிடும்.”

“காரின்ர மூஞ்சை சின்னன் தம்பி, உள்ளுக்குப் போகாது. ஓடேக்க காத்து அடிக்கும், அது காணும்.”

“நிக்கேக்க?”

“நிக்கிறதுக்கு ஆர் எஞ்சின் மாத்துறது?”

அவர் றேடியேற்றரைத் திரும்பவும் மூலையில் கொண்டுபோய் வைத்தார். நான் கதைத்தால் ஆட்கள் அப்படித்தான் அடங்கிவிடுவார்கள்.

வேலை நான்கு மாதம் பிடித்தது. பொனற் மூடி எஞ்சினுக்கு மேல் பொருந்தவில்லை, அதில் ஓர் ஓட்டை வெட்டினேன். எஞ்சினின் தலை அதற்குள்ளால் எட்டிப் பார்த்தது. இத்தனையும் நடந்தது என் மனைவி நெல் காயவிடும் சீமெந்துத் தரையில். அந்தப் போகத்து நெல்லை அவள் றோட்டோரத்தில் காயப்போட்டாள். கடைசியில் ஒருநாள் வாய் திறந்தாள்.

“இஞ்சாருங்கோ, நாளைக்கு நான் வவுனியாவுக்குத் தங்கச்சி வீட்ட பஸ்ஸில போறன். எனக்கு முதல் நீங்கள் அங்க போய் நிண்டால் இந்தச் சாமான் இங்க நிக்கட்டும். இல்லையெண்டால் பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கிறது.”

“பஸ்ஸைப் போகவிட்டு, ஒரு தேத்தண்ணியும் குடிச்சிட்டு வாறன், பாரன்.”

“வடிவாக் குடிச்சிட்டு வாங்கோ.”

குடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். இரணைமடுச் சந்தியில் பஸ்ஸை விலத்தி முன்னுக்குப் போனேன். யன்னலோரம் இருந்த மனைவிக்குக் கை காட்டினேன். தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

றோட்டோரப் பிள்ளையார் கோவில் இருக்கும் முறிகண்டி வந்தது. அந்தப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று தேங்காய் உடைக்காமல் ஒரு வாகனமும் போவதில்லை. நான் எத்தனையோ பெரிய ஆட்களை எதிர்த்துக் கதைத்தவன். ஆனால் அந்த இடத்தை நிற்காமல் கடக்கும் துணிவு எனக்கும் இல்லை. நின்றேன். எஞ்சினை மட்டும் நிறுத்தவில்லை. அவசரம் என்று சொன்னால் பாதி உண்மை. மிச்சப் பாதி, அந்தச் சத்தத்தைச் சனம் கேட்கட்டும் என்பது.

“ஐயா, இது என்ன வாகனம்?” என்று ஒருவர் வந்து கேட்டார். எதையும் அரைகுறையாக விளங்கப்படுத்தி எனக்குப் பழக்கமில்லை. எஞ்சினின் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்லி முடித்துத் தேங்காயை ஓங்கும்போது, பொனற் ஓட்டையால் வெள்ளையாக ஆவி எழும்பியது.

“ஐயா, உங்கட கார் சாம்பிராணி போடுது!” என்றாள் கச்சான் கடலை விற்கிறவள்.

ஓடிப்போய் நிறுத்துவதற்குள் தண்ணீர் முழுவதும் கொதித்து வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தேங்காய் உடைத்தார். மனைவி இறங்கி ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“என்னப்பா, நிக்கிறியள்?”

“கொஞ்சம் ஆறட்டும்.”

“நீங்களோ, அதுவோ?”

கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு சண்டையாவது பிடித்திருப்பேன்.

நான் வவுனியா போய்ச் சேர்ந்தபோது அவளும் தங்கச்சியும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள். எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். காரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு வழியெல்லாம் மூன்று காரணம் யோசித்து வைத்திருந்தேன், மூன்றும் வீணாகின.

அடுத்த கிழமை பழைய இரும்புக்காரன் லொறியோடு வந்தான். தள்ளி ஏற்ற நாலு பேரையும் கூட்டி வந்திருந்தான். “ஒருத்தரும் தொடவேண்டாம்” என்றேன். லொறியின் பின்னால் இரண்டு பலகை சாய்த்து வைக்கச் சொல்லி, நானே ஏறி இருந்து ஸ்டார்ட் எடுத்தேன். முதல் கியரில், ஒரே மூச்சில், அந்தச் செங்குத்தில் ஏறிப் போய் லொறிக்குள் நின்றது. பழைய எஞ்சின் என்றால் பாதிப் பலகையில் பின்னுக்கு வந்திருக்கும். நாலு பேரும் கை தட்டினார்கள்.

மனைவியும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

“நல்ல எஞ்சின்தான்” என்றாள். பிறகு தும்புத்தடியை எடுத்துச் சீமெந்துத் தரையைக் கூட்டத் தொடங்கினாள்.