இருபதாவது விநாடியில் வந்த குரல்கள்

லிங்கராஜபுரம் ஓஸ்வால்டுக்கு அந்த எஃப்.எம். நிலையத்தில் இருபத்திரண்டு வருட வேலை. ஒலிபரப்புக் கருவிகள் அவர் பொறுப்பு. அவர் சேர்ந்தபோது அங்கே ஆங்கிலப் பாட்டு. பிறகு இந்தி, அதன்பின் கன்னடம். ஒவ்வொரு மாற்றத்திலும் பெயர்ப்பலகையும் பாட்டும் பேசுகிறவர்களும் போய்விட, அவர் மட்டும் மிஞ்சினார். கருவிக்கு மொழி கிடையாது என்பார்.

போகிறவர்கள் மைக்கில் விடைபெறக் கூடாது என்பது எல்லா நிர்வாகமும் கடைப்பிடித்த வழக்கம். நேற்றுவரை பேசியவர் இன்று இருக்கமாட்டார். ஏனென்று நேயர்களுக்குத் தெரியாது.

ஓஸ்வால்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒலிபரப்பில் இருபது விநாடி சத்தமில்லாமல் போனால், மூலையிலுள்ள ஒரு பெட்டி தானாகவே தடங்கல் அறிவிப்பை ஓட்டும். அந்த அறிவிப்பைக் கடைசியாக வெளியேறுகிறவரைக் கொண்டுதான் பதிவு செய்வார். பழையதை அழிக்கமாட்டார், அதன் பின்னால் சேர்ப்பார்.

இந்த மார்ச்சில் மறுபடியும் மாற்றம். இனிமேல் பேச ஆளே கிடையாது. வெளியூர்க் கணினியிலிருந்து பாட்டு மட்டும் வரும். ஒன்பது வருடம் காலை நிகழ்ச்சி நடத்திய வீணா, விடைபெற ஒரு நிமிடம் கேட்டாள். மேலாளர் நாகேஷ் மறுத்துவிட்டார். ஓஸ்வால்ட் அவளைப் பதிவறைக்குக் கூப்பிட்டார்.

"இது எப்ப அங்கிள் ஓடும்?"

"ஓடக்கூடாதும்மா. இதுவரைக்கும் ஓடினதில்ல."

"அப்ப பூட்டின வீட்டுக்குள்ள போய் டாட்டா சொல்லச் சொல்றீங்க."

ஆனாலும் பேசினாள். தடங்கலுக்கு வருத்தம் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். ஒன்பது வருடம் கேட்டவர்களுக்குக் கன்னடத்தில் நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புது ஒலிபரப்பு தொடங்கவேண்டும். இணைப்பு வரவில்லை. இருபதாவது விநாடியில் பெட்டி விழித்துக்கொண்டது. முதலில், ஆங்கிலப் பாட்டுக் காலத்தில் கடைசியாக வெளியேறிய லாயிட்டின் ஆங்கிலம். நகரம் அந்தக் குரலைக் கேட்டுப் பதினைந்து வருடமாகிறது. மாற்று இணைப்பின் சுவிட்சில் ஓஸ்வால்ட் விரல் வைத்திருந்தார். தட்டினால் போதும், பாட்டு வந்துவிடும். லாயிட் முடித்ததும், அவருக்குப் பின் வெளியேறிய சங்கமித்ராவின் இந்தி வந்தது. போன் அடித்தது, நாகேஷ்தான். ஓஸ்வால்ட் எடுக்கவில்லை. பத்து விநாடி சத்தம் நின்றாலே வியர்த்துப்போகிற மனிதர், மூன்று பேரும் தன் முன்னால் நிற்பதுபோல எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீணா கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்த பிறகுதான் சுவிட்சைத் தட்டினார். பாட்டு ஆரம்பித்தது.

சற்று நேரத்தில் வீணா போனில் கூப்பிட்டாள். ஆபீஸ் பஸ்ஸில் ஓட்டுநர் சத்தத்தைக் கூட்டிவைத்ததாக வைட்ஃபீல்டிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தாராம்.

"நிஜமாவே கோளாறா, அங்கிள்?"

"கோளாறு நிஜம்மா. சுவிட்சைத் தட்டாம நின்னது நான்."

பதிவேட்டில் எப்போதும்போல் திருத்தமான கையெழுத்தில் எழுதினார்: இணைப்புக் கோளாறு, சத்தமில்லாமல் இருபது விநாடி. மாற்று இணைப்பு தருவதில் தாமதம், இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. காரணம் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.